பத்து நாளும் ஒரு திரும்பிய ‘ழ’வும்

கோடைப் பள்ளிக்கு விண்ணப்பம், தேர்வு, அலுவலகத்தில் லீவு எல்லாம் தானாகவே நடந்தன. காரைக்குடியில் ரயிலைவிட்டு இறங்கிய மறுநாள் காலையில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

தொழில்நுட்பத்தையும் வடிவமைப்பையும் சேர்த்துச் சொல்லித்தரும் பத்து நாள் கோடைப் பள்ளி. இடம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. நான் பதினோரு வருடமாக பேக்கெண்ட் கோடு (திரைக்குப் பின்னால் ஓடும் கணினி நிரல்) எழுதுகிறவன். பதிவு மேசையில் இருந்தவர் என் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், எச்.ஓ.டி. கையெழுத்து இல்லையே” என்றார். எச்.ஓ.டி. என்றால் கல்லூரித் துறைத் தலைவர்; படிவம் கல்லூரிப் பிள்ளைகளுக்காக அடித்தது. எனக்கு எச்.ஓ.டி.யே கிடையாது, வேலையில் இருக்கிறேன் என்றேன். “அப்ப ஆபீஸ்ல யாராவது போடணும், சீலோட.” எங்கள் கம்பெனியில் சீல் என்ற பொருளை நான் பார்த்ததே இல்லை. மேலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஒரு கடிதம் வாங்கி, அதைப் பிரிண்ட் எடுக்க பஸ் ஏறிக் காரைக்குடி போனேன். ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது, மூன்றாவதில் கரண்ட் இல்லை. மே மாத வெயிலில் வெறுங்கையோடு திரும்பினால், ஒருங்கிணைப்பாளர் அந்த வரியைப் பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, “வாங்க, சாப்பாடு ஆறுது” என்றார். அவ்வளவுதான் விஷயம். அதற்குள் முதல் நாள் வகுப்பு போச்சு. வேலையில் இருந்துகொண்டு இப்படி எங்காவது போகிறவர்கள், இந்த வரிக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபையும் அப்படித்தான். ரவுட்டர் வாசல் பக்கத்து முகப்பில், வகுப்பு உள்ளே இரண்டாங்கட்டில். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீளும் வீடு; அந்தச் சுவர்களைத் தாண்டி சிக்னல் வராது. கோடு எழுதிப் படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ் லைப்ரரியை லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் வளவு (முதல் கட்டு) முற்றத்துக்கும் வகுப்புக்குமாக நடந்தோம். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, சென்சார் பாடங்கள் நன்றாகவே போயின.

உண்மையில் மாட்டிக்கொண்டது ஆத்தங்குடிக் கல்லில், கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக் கல். கோடு எழுதி ஒரு வடிவம் உருவாக்கி, அதைப் பட்டறையில் கல்லாக வார்க்க வேண்டும், இதுதான் வேலை. நான் 16 கல், ஒவ்வொன்றிலும் வேறு வளைவு, சேர்த்து வைத்தால் ஒரே பெரிய அலை என்று போட்டேன். திரையில் பிரமாதமாக இருந்தது. பட்டறைப் பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு எத்தனை அச்சு?” என்று கேட்டார்.

கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைப்பார்கள். அச்சு என்பது உலோகத் தகட்டுச் சுவர்களால் ஆன சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு கலர் சிமெண்ட் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் கலவை போட்டுக் கரணையால் மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது. ஆகவே 16 வடிவம் என்றால் 16 அச்சு. ஓர் அச்சு செய்யவே இரண்டு நாள் ஆகும் என்றார். என் வளைவுகளின் கூர்மையான மூலைகளை விரலால் தொட்டு, “இதுக்குள்ள கலர் இறங்காது” என்றும் சொன்னார். இரண்டு நாள் கோடு குப்பைக்குப் போனது.

சரி, ஒரே கல்லாவது என்று பெரிதாக ஒரு ‘ழ’ வரைந்து கொடுத்தேன். அச்சு வந்தது, நானே கலர் ஊற்றினேன், கை நடுங்கி சிவப்பு கொஞ்சம் மஞ்சளில் கலந்தது. கண்ணாடியைக் கழற்றும் வரை கல்லின் முகம் தெரியாது. கழற்றினபோது பளபளவென்று வந்தது, ‘ழ’ மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி.

யோசித்தால் சாதாரணம். கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் முகம். நாம் ஊற்றுவது முதுகுப் பக்கத்திலிருந்து. படத்தைத் திருப்ப ஒரே ஒரு வரி கோடு, ஸ்கேல் மைனஸ் ஒன்று. நான் அதைப் போடவில்லை. பெரியவரிடம், முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே என்றேன். “அன்னைக்கே கேட்டேன் தம்பி, எழுத்து திரும்பி வரும், பரவாயில்லையான்னு. நீங்க போனைப் பாத்துக்கிட்டே தலையாட்டுனீங்க.” அவர் அச்சுகளில் பெரும்பாலானவை பூவும் நட்சத்திரமும். எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான்.

மூன்று நாள் மீதி. புது அச்சுக்கு நேரமில்லை. அப்போதுதான் ட்ரூஷே நினைவுக்கு வந்தார். ஒரு சதுரத்தைக் குறுக்காக இரண்டாக்கி இரு நிறம் கொடுத்து, அந்த ஒரே கல்லை நான்கு திசையில் திருப்பி வைத்தாலே எண்ணற்ற கோலங்கள் வரும் என்று 1704-லேயே எழுதிவைத்த பிரெஞ்சுப் பாதிரியார். குறுக்குச் சுவர் உள்ள அச்சு இருக்கிறதா என்று கேட்டேன். பெரியவர் கொட்டகை மூலையில் துழாவி, துரு தட்டி, ஒன்றை எடுத்து வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் சிவப்பும் சந்தன நிறமுமாக 16 கல். எதை எப்படித் திருப்பி அடுக்குவது என்பதை நிரல் பார்த்துக்கொண்டது. எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

கடைசி நாள் காட்சிக்கு என் கற்கள் வரவில்லை, சிமெண்ட் இறுகுவதற்காகத் தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. போட்டோவை வைத்துத்தான் பேசினேன். கையோடு எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். முதல் மூன்று நாளுக்குள் வார்த்தால்தான் உண்டு. மூன்று வாரம் கழித்து லாரி பார்சலில் வந்தன. குறுக்குக் கற்களில் நான்கு மூலை உடைந்திருந்தன. ‘ழ’வுக்குக் கீறல்கூட இல்லை.