அந்த வார்த்தைகளையே சொல்லி

ஒலிவ மலை உச்சியில் பேருந்தை விட்டு இறங்கியதும் மகன் என் சட்டைக் கையை இரண்டு சுற்று முறுக்கிப் பிடித்துக்கொண்டான். புது இடம் என்றால் அவன் அப்படித்தான். பதின்மூன்று வயது. ஆட்டிசம். அவன் வாயில் வருகிற வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்: அம்மா, தண்ணி, வேணாம், போலாம். எருசலேமுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தோம். கடைசியில் அவன் அம்மாதான், "இவனுக்காகத்தானே இத்தனை வருஷம் ஜெபிச்சோம்? இவனை விட்டுட்டு அங்க போய் என்ன செய்யப்போறோம்?" என்றாள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உச்சியிலிருந்து, இயேசு பிடிபட்ட இரவில் ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்கு இறங்குகிற பாதை நல்ல சரிவு. குருத்தோலை ஞாயிறன்று இயேசு கழுதைமேல் வந்ததாகக் கருதப்படும் பாதை அது. இரண்டு பக்கமும் கல்சுவர். ஒரு பக்கம் மலைச்சரிவு முழுக்க யூதர்களின் கல்லறைகள், எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் எருசலேமின் மதில், அதில் கல் வைத்து அடைக்கப்பட்ட பொன்வாசல். பாதி வழியில், ஆண்டவர் நகரத்தைப் பார்த்து அழுததன் நினைவாகக் கண்ணீர்த்துளி வடிவத்தில் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. குழுவில் மற்றவர்கள் அதற்குள் போய்வந்தார்கள். மகன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டதால் நாங்கள் போகவில்லை.

இறங்கும்போது என் மனதில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷமாக என் ஜெபக்குறிப்பு ஒன்றுதான்: இவன் பேச வேண்டும். உபவாசம் இருந்தோம், கூட்டம் கூட்டமாக அலைந்தோம், கை வைத்து ஜெபிக்காதவர்கள் இல்லை. ஒருமுறை ஜெபக்கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஊழியக்காரர் ஒருவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "நீங்க இன்னும் முழுசா ஒப்புக்கொடுக்கல தம்பி. பிள்ளையைக் கர்த்தர் கையில முழுசா விட்டுப்பாருங்க. நாவின் கட்டு தானா அவிழும்."

அன்று இரவே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்று மனதாரச் சொன்னேன். மறுநாள் காலையில் மகன் கண் விழித்ததும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனையோ காலைகள் அப்படிப் போயின. ராத்திரி ஒப்புக்கொடுப்பேன், காலையில் அவன் உதட்டைப் பார்ப்பேன். ஒன்றும் நடக்காதபோது, நேற்று நான் ஒப்புக்கொடுத்தது போதவில்லை போலிருக்கிறது, இன்னும் எதையோ கையில் பிடித்துவைத்திருக்கிறேன் என்று என்னையே குடைந்துகொள்வேன். பிள்ளைக்குப் பேச்சு வராததற்கு என் அரைகுறை அர்ப்பணிப்புதான் காரணம் என்ற எண்ணம் எனக்குள் வேர்விட்டிருந்தது. மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. அந்தப் பாரத்தோடுதான் அன்று அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

தோட்டம் நினைத்ததைவிடச் சின்னது. வேலிக்கு உள்ளே எட்டு பழைய ஒலிவ மரங்கள். கிட்டப் போக முடியாது, வேலியைச் சுற்றி நடந்துதான் பார்க்க வேண்டும். அடிமரம் ஒவ்வொன்றும் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி, நடுவில் பொந்து விழுந்து, அதன் உச்சியில் மெல்லிய புதுக் கிளைகளும் சாம்பல் பச்சை இலைகளுமாக நிற்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் இவற்றைப் பரிசோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வயது கணிக்க முடிந்த மூன்று மரங்களின் அடிமரம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எட்டு மரங்களும் ஒரே தாய்மரத்தின் வழி வந்தவை என்பது அவர்கள் கண்டது. ஆக, ஆண்டவர் ஜெபித்த இரவில் நின்ற அடிமரங்கள் இவை அல்ல. கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேமை முற்றுகையிட்டபோது சுற்றுவட்டார மரங்களை வெட்டியதாக அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். ஆனால் ஒலிவ மரத்தை வெட்டினாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இதைக் கேட்டு எனக்கு ஏமாற்றம் வரவில்லை. தொள்ளாயிரம் வருஷம் ஒரே இடத்தில் நின்ற ஒன்றின் முன் நிற்பதே போதுமானதாக இருந்தது.

கெத்செமனே என்ற பெயருக்கு எண்ணெய் ஆலை என்று பொருள். ஒலிவப் பழத்தைக் கல்லில் அரைத்து, அந்த விழுதைக் கூடைகளில் அடுக்கி, மேலே மரத்தடியும் பாரக்கல்லும் ஏற்றி அழுத்தி எண்ணெய் எடுப்பார்கள். இதை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டாகிவிட்டது, அதனால் அதை நீட்டவில்லை.

தோட்டத்தை ஒட்டியே ஆலயம். 1919 முதல் 1924 வரை கட்டியது. அதே இடத்தில் 4-ஆம் நூற்றாண்டிலேயே ஓர் ஆலயம் இருந்திருக்கிறது. பல நாட்டவர் காணிக்கையில் எழுந்ததால் சகல தேசங்களின் ஆலயம் என்று பெயர். வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே நுழைந்தால் சட்டென்று ராத்திரி. ஜன்னல்களில் கத்தரிப்பூ நிறத் தகடுகள், வெளிச்சத்தை வடிகட்டித்தான் உள்ளே விடுகின்றன. தலைக்குமேல் குவிமாடங்களில் கருநீலமும் நட்சத்திரங்களும். பீடத்துக்கு முன்னால் மூடாமல் விட்ட வெறும் பாறை, அதைச் சுற்றி முள்முடி வடிவில் தாழ்வான இரும்புக் கம்பி. ஆண்டவர் முகங்குப்புற விழுந்து ஜெபித்த பாறை என்று பாரம்பரியம் சொல்கிறது.

உள்ளே யாரும் பேசக் கூடாது. எத்தனை நாட்டு ஜனங்கள், எத்தனை பாஷைக்காரர்கள், ஒருவர் வாயும் திறக்கவில்லை. அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. என் மகன் வித்தியாசமாகத் தெரியாத ஒரு கூட்டத்தில் நாங்கள் நிற்கிறோம். அவன் பிறந்து இத்தனை வருஷத்தில் அப்படி ஓர் இடத்தில் நான் நின்றதில்லை.

அவன் என் சட்டையை விட்டுவிட்டான். நேராகப் போய், மற்றவர்கள் செய்வதைப் பார்த்து மண்டியிட்டு, கம்பிக்கு மேலாகக் கையை நீட்டிப் பாறையைத் தொட்டான். முதலில் விரல்நுனி, அப்புறம் முழு உள்ளங்கை. குளிர்ச்சி பிடித்துப்போயிருக்க வேண்டும், குனிந்து கன்னத்தை வைத்துக்கொண்டான். பாறையில் சின்னச் சின்னக் குழிகள். அதில் ஒன்றுக்குள் கட்டைவிரலை விட்டு விட்டு எடுத்தான். பக்கத்தில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்த ஒரு முதிய பெண்மணி, எந்த நாட்டவரோ தெரியவில்லை, அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தார். நான் அவன் பின்னால் மண்டியிட்டேன். என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. வழக்கமான வேண்டுதல்தான் வந்தது. அதையே இங்கேயும் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மகன் நிமிர்ந்து, அந்த நிசப்தத்தில், நல்ல சத்தமாக, "போலாம்" என்றான். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி, "போலாம்." மனைவி அவன் கையைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிவந்தாள்.

வெளியே வேலியோரம் நிழலில் குழு உட்கார்ந்தது. எங்களோடு வந்த போதகர் மத்தேயு 26-ஐ வாசித்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதி. இருந்தும் ஓர் இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்."

அந்த வார்த்தைகளையே. பாத்திரம், அதாவது தமக்கு வரப்போகும் பாடு, நீங்கட்டும் என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார். வெட்கப்படாமல், சீஷர்கள் கல்லெறி தூரத்தில் தூங்கிக்கொண்டிருக்க, திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். "கூடுமானால்" என்று தொடங்கிய முதல் ஜெபம், இரண்டாவதில் "நீங்கக்கூடாதாகில்" என்று மாறுகிறது. ஒரே மூச்சில் சொல்லி முடித்த அர்ப்பணிப்பு அல்ல அது. தூதன் வந்து பலப்படுத்திய பிறகும் வேர்வை இரத்தத் துளிகளாய் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். ஆக, மனம் அமைதியாகிவிட்டால்தான் ஒப்புக்கொடுத்ததாக அர்த்தம் என்று நான் எண்ணியிருந்தது தவறு.

அதைவிடப் பெரியது இன்னொன்று. இந்தப் பூமியில் முழுசாக, ஒரு துளி மிச்சம் வைக்காமல் தம்மை ஒப்புக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவரைவிட்டுப் பாத்திரம் நீங்கவில்லை. ஒப்புக்கொடுத்தால் கேட்டது கிடைக்கும் என்பது கணக்கு என்றால், அந்தக் கணக்கு இந்தத் தோட்டத்திலேயே பொய்யாகிவிட்டது. எபிரெயருக்கு எழுதிய நிருபம், அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணி, "கேட்கப்பட்டு" என்று சொல்கிறது. பிதா கேட்டார். கேட்டும் பாத்திரம் அங்கேயே இருந்தது. என் ஜெபத்தையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அந்த நிழலில் உட்கார்ந்து முதல்முறையாக நம்பினேன். பத்து வருஷமாக நான் தூக்கிச் சுமந்த குற்ற உணர்வு ஆண்டவர் என் தலையில் ஏற்றியது அல்ல.

போதகர் கையை நீட்டி எதிர்ப்பக்கம் காட்டினார். கீழே கெதரோன் பள்ளத்தாக்கு, அதற்கு மேலே மதில். யூதர்களின் பஸ்கா பண்டிகை என்பதால் ஆண்டவர் ஜெபித்தது பௌர்ணமி இரவு. அவரைப் பிடிக்கத் தீவட்டிகளோடு ஆட்கள் இறங்கி வருவது இங்கிருந்து நன்றாகவே தெரிந்திருக்கும். பின்னால் நாங்கள் இறங்கிவந்த மலை. அதன் உச்சியைத் தாண்டினால் யூதேயா வனாந்தரம். எழுந்து நடந்திருந்தால் யாரும் பிடித்திருக்க முடியாது. தப்பிக்க வழி இருந்தும் அவர் இங்கேயே மண்டியிட்டிருந்தார். ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்டபோது என் தொண்டை அடைத்தது.

மனைவியிடம் அந்த ஊழியக்காரர் சொன்னதை அப்போதுதான் சொன்னேன், நான் காலையில் மகன் வாயைப் பார்த்ததையும் சேர்த்து. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும். நானும் பார்ப்பேன்" என்றாள். அப்புறம், "இன்னைக்கும் கேக்கலாம்ல?" என்றாள்.

கேட்டோம். அதே வார்த்தைகள்தான். இவன் பேச வேண்டும் ஆண்டவரே. ஆகிலும். அந்த ஆகிலும் என்பதற்குப் பிறகு வருகிற "உம்முடைய சித்தம்" என்பதை முன்பும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று சொன்னபோது பதிலுக்காக யார் முகத்தையும் பார்க்கத் தோன்றவில்லை.

போதகர் மீதி வசனங்களை வாசித்து முடித்தார். "எழுந்திருங்கள், போவோம்" என்ற இடம் வந்தபோது மகன் ஏற்கெனவே கதவருகே நின்றுகொண்டிருந்தான், கட்டைவிரலில் பாறையின் வெள்ளைத் தூசியோடு.