பல்லு குழியை பல்லே அடைச்சுக்குமா?

பல்லோட மேல் ஓடான எனாமல் போனா போனதுதாங்க, அதை கட்டுற செல்லுங்க பல்லு ஈறை விட்டு வெளிய வர்றப்பவே காலி, அதனால "எனாமல் திரும்ப வளரும்"னு பேஸ்ட் விளம்பரம் பாத்தா எனக்கு சிரிப்புதான். ஆனா எனாமலுக்கு அடியில இருக்கற டென்டின் அடுக்கு கதையே வேற. பல்லு நடுவுல நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கற பல்கூழ்ல ஸ்டெம் செல் இருக்கு, சின்ன காயம்னா புது டென்டினை அதுவே போட்டுக்கும், பெரிய குழிக்குத்தான் பத்தாது. 2017ல லண்டன் கிங்ஸ் காலேஜ்ல பால் ஷார்ப் டீம், சுண்டெலி பல்லுல ஓட்டை போட்டு, அல்சைமருக்காக டெஸ்ட் பண்ணின டைட்குளூசிப் மருந்தை கொலாஜன் ஸ்பாஞ்சுல நனைச்சு உள்ள வச்சாங்க, ஸ்பாஞ்சு கரைய கரைய அந்த இடத்துல டென்டினே வந்து நிரம்பிடுச்சு! சுண்டெலி பல்லு துளியூண்டு, நம்ம கடைவாய்ப் பல்லு குழிக்கு அது தாங்குமாங்கறதுதான் விஷயம். இப்போதைக்கு பல்கூழ் வரைக்கும் போன குழிக்கு டாக்டருங்க வைக்கறது எம்டிஏங்கற பல் சிமென்ட் மாதிரி பொருள்தான், அதுவும் அடிப்படைல வீடு கட்டுற போர்ட்லேண்ட் சிமென்ட் வகையறாதான், நம்புங்க.