பாலக்காட்டு எல்லையில் ஆய்வேடு: சறுக்கும் இடங்கள்

மானிடவியல் எம்.ஏ. ஆய்வேட்டுக்காக எடுத்த ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். களக்குறிப்பை அன்றிரவே விரித்து எழுதாவிட்டால் பாதி போச்சு.

ஆய்வேட்டில் பலர் சறுக்குவது உறவுமுறை வரைபடத்தில். முக்கோணம் ஆண், வட்டம் பெண், சமக்குறி திருமணம், இதெல்லாம் எளிது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீட்டில் 'மாமா' என்றதை 'அங்கிள்' என்று எழுதினால் தொலைந்தது. தாயின் தம்பியா, மாமனாரா, அக்கா வீட்டுக்காரரா? முறைப்பெண் கட்டும் வழக்கமே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கேட்ட சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் உறவைப் பிரித்துக் குறியுங்கள்.

இருளர் போன்ற பழங்குடிகள் வாழும் அட்டப்பாடி மலைப்பகுதி என்றால் அரசு அனுமதி வேறு, ஊர்த் தலைவரான மூப்பனின் சம்மதம் வேறு, இரண்டும் வேண்டும்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "தமிழ் தெரியும், இருளர் பேச்சு புரிந்தது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தனி மொழி. மொழிபெயர்த்தவர் யார், அவருக்கும் பேசியவருக்கும் என்ன உறவு என்று அடுத்த கேள்வி வரும். பதிலை முறையியல் இயலிலேயே எழுதி வையுங்கள்.