அரங்கு கையில் கிடைப்பது ஒரே நாள்: சின்ன நாடகக் குழுவில் நடிப்பது பற்றி

சென்னையில் சின்ன நாடகக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தீர்மானிப்பது அரங்க வாடகைதான். ஒன்றரை மாதம் மொட்டை மாடியிலோ யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலோ ஒத்திகை நடக்கும். உண்மையான மேடை நாடகத்தன்று காலை ஒன்பது மணிக்குத்தான் கைக்கு வரும். இரவு பத்துக்குள் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நடுவே உள்ள பதிமூன்று மணி நேரத்தில் லைட் கட்டி, செட் போட்டு, ஓட்டிப் பார்த்து, ஆடியும் முடிக்க வேண்டும். அதனால் நடிகரின் தயாரிப்பு முழுவதும் அந்த ஒரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிச் செய்கிற வேலை. இது பிடிபடாமல் வருகிறவர்கள், நன்றாக நடிப்பவர்களாக இருந்தாலும், கடைசி வாரத்தில் திணறிப்போவார்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் சிலவற்றை வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும். எத்தனை காட்சி, எந்தெந்தத் தேதி, ஒத்திகை வார நாளில் மாலையா அல்லது சனி ஞாயிறு மட்டுமா, எழுதியவரிடம் அனுமதி வாங்கியாயிற்றா, போக்குவரத்துச் செலவு உண்டா. பெரிய பணம் வராது. 120 இருக்கை உள்ள அரங்கு, டிக்கெட் 200 ரூபாய், காசு கொடுத்து வந்தவர்கள் 90 பேர் என்று வையுங்கள்: 18,000 ரூபாய். அதில் அரங்கு, லைட், சாமான் ஏற்றி இறக்கும் குட்டி யானை, பதினைந்து பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, நாலு வேளை டீ என்று கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பெட்ரோல் காசுதான். 500 ரூபாய் வரையுள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது ஓர் ஆறுதல். இன்னோர் ஆறுதல், பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதிக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. 1954-ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்தது. வழக்குப் போட்டவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. இன்று நோட்டீஸ் அடித்தவுடன் நேராக ஒத்திகைக்குப் போக முடிகிறதென்றால் அந்த வழக்குக்கும் அதில் பங்குண்டு.

ஒத்திகை இடத்தில் முதல் நாளே மேடையின் அளவைத் தரையில் குறித்துவிட வேண்டும். யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு அரங்குக்குப் போய் அகலம், ஆழம், விங்ஸ் (மேடையின் இரு பக்கமும் நடிகர்கள் மறைந்து நிற்கும் இடம்) எங்கே தொடங்குகிறது, பின்திரைக்குப் பின்னால் ஆள் நடந்து போக இடம் இருக்கிறதா என்று அளந்து வர வேண்டும். மொட்டை மாடித் தூசியில் மாஸ்கிங் டேப் ஒட்டாது. ஈரச் சாக்பீஸால் கோடு போடலாம், இல்லையென்றால் நாலு மூலையில் செங்கல் வைத்துச் சணல் கட்டலாம். இதைத் தட்டிக்கழித்தால் என்ன ஆகும்? 14 அடி மாடியில் ஐந்து எட்டு வைத்து நாற்காலியை அடைந்து பழகியவர், 24 அடி மேடையில் அதே வசனத்தைச் சொல்லி முடிக்கும்போது பாதி வழியில் நிற்பார். மீதி தூரத்தைப் பேச்சில்லாமல் நடப்பார், அல்லது ஓடுவார். இரண்டும் பார்க்கச் சகிக்காது.

குரல் விஷயத்திலும் ஒத்திகை இடம் ஏமாற்றும். மாடியில் குரல் காற்றோடு போய்விடுவதால் தேவைக்கு மேல் கத்திப் பழகுவோம். பள்ளி வகுப்பறையில் வெறும் சுவர் எதிரொலிப்பதால் சின்னக் குரலே பெரிதாகக் கேட்கும், அதை நம்பிவிடுவோம். ஆள் நிறைந்த அரங்கில் உடைகளும் திரைகளும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், மேலே ஏசி வேறு இரைந்துகொண்டிருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒருவரை ஐம்பது அடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார வைத்து, காதில் விழாத சொல்லுக்கெல்லாம் கை தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எந்தச் சொல்லுக்குக் கை தூக்குவார் தெரியுமா? வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு.

இங்கேதான் தமிழில் நடிப்பதன் தனிச் சிக்கல் இருக்கிறது. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. யார் செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் அந்த வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடிகருக்கு மூச்சு தீர்வதும் அதே இடத்தில். “உங்க அண்ணன் வந்து கேட்டப்போ நான் குடுக்கல” என்பதில் கடைசி ‘ல’வை விழுங்கினால், கொடுத்தானா இல்லையா என்றே தெரியாமல் கதை தொங்கிவிடும். தெருவில் “வந்தான்” என்பதை மூக்கால் சொல்லி ‘ன்’னை விட்டுவிடுகிறோம், பக்கத்தில் நிற்பவருக்குப் புரிகிறது. மேடையில் அந்த மூக்கொலி மூன்றாவது வரிசையைத் தாண்டாது. அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்கு “வந்தா” என்றுதான் விழும். வந்தது அவனா அவளா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். மேடையில் அந்த ‘ன்’னைக் கொஞ்சம் தொட்டுவிட வேண்டும், பட்டிமன்றப் பேச்சாளர் மாதிரி அழுத்தாமல். பயிற்சி சுலபம்: பென்சிலால் மூச்சு எடுக்கும் இடங்களில் கோடு போடுங்கள், கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒருபோதும் போடாதீர்கள், அதற்கு முந்தைய துண்டிலேயே மூச்சை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கும் தொடையில் ஒரு தட்டு தட்டிச் சொன்னால் போதும், வால் விழுவது நின்றுவிடும்.

1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு தெருக்கூத்தின் பக்கம் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. நடிகரின் கண்ணோட்டத்தில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: விடிய விடிய ஆடியும் பாடியும் கடைசிச் சொல்லைக் கடைசி வரிசைக்குச் சேர்க்கும் மூச்சு கூத்துக்காரரிடம் இருக்கிறது.

வசனத்தைக் காட்சிக்கு மூன்று வாரம் முன்பே மனப்பாடம் செய்து புத்தகத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். தன் வசனத்தை மட்டும் படிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எதிராளியின் கடைசி மூன்று சொற்கள்தான் உங்கள் கியூ, அதாவது நீங்கள் தொடங்குவதற்கான அடையாளம். அவற்றையும் சேர்த்து ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். பிறகு எதிராளியின் வசனங்களை மட்டும் போனில் பதிவு செய்து, உங்களுடையதற்கு இடைவெளி விட்டு, பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். உட்கார்ந்து படித்தது நடக்கும்போது மறந்துபோகும். அதனால் பிளாக்கிங் (மேடையில் யார் எப்போது எங்கே நிற்பது, நகர்வது என்பது) முடிவானதும் நடந்துகொண்டேதான் சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, உணர்ச்சியே இல்லாமல், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக முழு நாடகத்தையும் ஒப்பிப்பது உண்டு. ஒன்றரை மணி நேர நாடகம் முக்கால் மணியில் முடியும். தடுக்கும் இடமெல்லாம் சரியாக மனதில் ஏறாத இடம்.

பிளாக்கிங் குறிக்கும்போது இடது, வலது என்பது நடிகருக்கா பார்வையாளருக்கா என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். நடிகர் பக்கத்திலிருந்து சொல்வதுதான் வழக்கம். ஆனால் இயக்குநர் எதிரே உட்கார்ந்திருப்பதால் குழப்பம் வந்துகொண்டே இருக்கும். எந்த மேடை என்பதைப் பொறுத்துப் பார்வையும் மாறும். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் இருக்கைகள் அரைவட்டமாக மேலேறிப் போகின்றன. அங்கே நேர் எதிரே மட்டும் பார்த்து நடித்தால் மேல் வரிசைக்காரர்களுக்கு உங்கள் வகிடுதான் தெரியும்.

பிராப்பும் (மேடையில் கையாளும் பொருள்) உடையும் சின்னக் குழுவில் நடிகரின் பொறுப்பு. ஒத்திகையில் பித்தளைச் சொம்புக்குப் பதில் பிளாஸ்டிக் டம்ளரை வைத்துப் பழகினால், நாடகத்தன்று கை எடையைச் சமாளிக்காமல் தண்ணீர் சிந்தும். அதே எடையில் எதையாவது வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிரப்பிய பாட்டில்கூடப் போதும். கண்ணாடிப் பொருள் மேடையில் வேண்டவே வேண்டாம், இருட்டில் வெறுங்காலோடு நடக்கப் போகிறீர்கள். படிக்கும் கடிதமாக இருந்தாலும் அதில் எழுதியிருப்பதை மனப்பாடம் செய்துவிடுங்கள். நீல வெளிச்சத்தில் நீல மை தெரியாது.

வேட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளை வெளேர் வேட்டி லைட்டில் பளீரென்று அடிக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் வேட்டியைப் பார்ப்பார்கள். வடிகட்டிய டீ டிகாஷனில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசிக் காயப்போட்டால் பழுப்பேறி அடங்கும். அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் ஒட்டிக்கோ வேட்டி வாங்குவார்கள். அமைதியான காட்சியில் உட்காரும்போது அது ‘பர்ர்’ என்று பிரியும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். சாதாரண வேட்டியைக் கட்டி, மேலே பெல்ட் போட்டு, மடிப்பை அதன்மேல் உருட்டி விடுங்கள். உள்ளே அரை டிராயர் போடுங்கள். புடவையோ வேட்டியோ, இரண்டு வாரம் முன்பிருந்தே கட்டிக்கொண்டு ஒத்திகை பார்க்க வேண்டும். ஜீன்ஸில் போட்ட எட்டு புடவையில் வராது. நாற்பது விநாடியில் உடை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த உடையை உள்ளேயே போட்டுக்கொண்டு, மேலே இருப்பதற்குப் பட்டனுக்குப் பதில் பிரஸ் பட்டன் தைத்துவிடுங்கள்.

நாடக நாள். லைட் கட்டி முடிக்க மதியம் ஒரு மணி ஆகும் என்பார்கள், மூன்றாகும். ஃபோகஸ் செய்ய யாராவது நிற்க வேண்டும். அப்போது உங்கள் உயரமுள்ளவரை நிற்கச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே நில்லுங்கள். ஹாலஜன் விளக்கென்றால் வெளிச்சத்தின் நடுவே வரும்போது நெற்றியில் சூடு தெரியும், கீழே பார்க்காமலே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எல்ஈடியில் அந்தச் சூடு கிடையாது. தரையில் மார்க் ஒட்டி, கடைசி எட்டுகளை எண்ணிப் பழக வேண்டும். முழு ஒத்திகைக்கு நேரம் இருக்காது. லைட் மாறும் இடம், சத்தம் வரும் இடம், நுழைவது, வெளியேறுவது மட்டும் எடுத்து ஓட்டுவோம். இங்கே நடிக்க ஆரம்பிப்பவர்கள்தான் எல்லோருடைய நேரத்தையும் தின்பவர்கள். கியூவுக்கு முந்தைய வரியைச் சொல்லி, மாற்றம் சரியாக வந்ததா என்று பார்த்து, அடுத்ததுக்குப் போய்விட வேண்டும்.

பிளாக் அவுட்டில் வெளியேறுவதுதான் அடிபடும் இடம். வெளிச்சம் போவதற்கு ஐந்தாறு விநாடி முன்பே, பார்வையாளர் பக்கம் இல்லாத கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இருட்டானதும் அதைத் திறந்தால் விங்ஸின் ஓரம் ஓரளவு புலப்படும். மேடை விளிம்பிலும் படியிலும் மினுங்கும் டேப் துண்டுகளை ஒட்டி, அவற்றின் மேல் விளக்கு ஒரு முறை பட்டதா என்று பாருங்கள். வெளிச்சம் குடிக்காத டேப் இருட்டில் மினுங்காது.

விங்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுப் பழுப்புத் தாள் விரித்து, ஒவ்வொரு பிராப்பையும் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்து பெயர் எழுதிவிடுங்கள். காலியான வட்டம் தெரிந்தால் எது காணவில்லை என்று அந்த நொடியே தெரியும். பிறருடைய பிராப்பைத் தொடக்கூடாது, நகர்த்தி வைக்கும் நல்லெண்ணத்தில்கூட.

சாப்பாடு ஐந்து மணிக்குள், இட்லி போல லேசாக. நூறு பேர் உட்காரும் அரங்கில் பேன்கேக் மேக்கப் பூசி வருவது சபா பழக்கம். இங்கே முதல் வரிசை ஆறடியில் இருக்கிறது, பூச்சு பூச்சாகவே தெரியும். ஒட்டு மீசை வேண்டுமென்றால் அன்று காலையே மழித்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஸ்பிரிட் கம் என்ற பசையைத் தடவி அரை நிமிடம் விட்டு, பிசுபிசுப்பு வந்த பிறகே ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் இரண்டாவது காட்சியில் வியர்வையோடு கிளம்பிவிடும். எடுக்கத் தேங்காய் எண்ணெய் போதும்.

ஆடும்போது நடக்கும் பெரிய விபத்து, யாராவது பிரதியில் இரண்டு பக்க வசனத்தைத் தாண்டிவிடுவது. திரும்பிப் போக முயலாதீர்கள், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து மாட்டிக்கொள்வீர்கள். இதற்கான தயாரிப்பு ஒத்திகையிலேயே செய்ய வேண்டும்: ஒவ்வொரு காட்சியிலும், பின்னால் வரும் கதைக்கு அவசியமான இரண்டு மூன்று தகவல்களை எல்லோரும் தங்கள் பிரதியில் சிவப்பில் கட்டம் கட்டி வைத்திருக்க வேண்டும். அப்பா வீட்டை விற்றுவிட்டார் என்பது தாண்டிய பக்கத்தில் இருந்தால், அதை மட்டும் யாராவது தன் அடுத்த வசனத்தில் நுழைத்துவிட்டால் போதும். மீதியைப் பார்வையாளர்கள் தேட மாட்டார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சில விநாடிகளில் வந்துவிடும், ஆனால் லைட் போர்டு திரும்ப எழுந்துவரக் கொஞ்சம் நேரமாகும். அசையாமல் இருந்த இடத்திலேயே நின்று வசனத்தை மட்டும் தொடருங்கள். இருட்டில் குரல் நின்றால்தான் கூட்டம் சலசலக்கும்.

கைதட்டல் முடிந்தவுடன் போட்டோ எடுக்கப் போய்விடுபவர்கள்மேல் எனக்கு மரியாதை குறைவு. ஒன்பதரைக்கு ஏசி நிற்கும், பத்துக்கு வாசலில் வண்டி நிற்கும். முதலில் பிராப் மேஜை: வட்டத்துக்கு வட்டம் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்குங்கள். மேடையில் ஒட்டிய டேப்பையெல்லாம் உரித்துவிடுங்கள், பசை தங்கினால் வைப்புத்தொகையில் கைவைப்பார்கள். உடைகளை ஈரத்தோடு மூட்டை கட்டாதீர்கள், மறுவாரக் காட்சிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஸ்பிரிட் கம் புட்டியைத் தனியாக, நிமிர்த்தி, மூடியை இறுக்கி வையுங்கள். கொட்டினால் டீயில் ஊறவைத்த அந்த வேட்டியோடு சேர்ந்து இறுகிப்போகும்.