தீர்ப்பை எங்கள் வாயாலேயே சொல்லவைத்த கதைகள்

வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் என் காலத்தில் படித்தவர்களில் பலர் சைவப் பிள்ளைகள். திருநீறு பூசிய நெற்றியோடு காலைக் கூட்டத்தில் நின்று வேதாகம வாசிப்புக் கேட்டோம். மார்கழியில், திருவெம்பாவை நாட்களில், கோயில் மண்டபத்தில் இருந்து திருவாதவூரடிகள் புராணமும் கேட்டோம். இரண்டும் எங்களுக்குள் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் கதை சொல்லும் முறையில் இருந்த வித்தியாசம் அந்த வயதிலேயே எனக்குத் தட்டுப்பட்டது.

புராண படிப்பில் ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் உடனேயே பயன் சொல்வார். பாட்டு விளங்காதவர்களும் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். இயேசு சொன்ன உவமைகளில் அந்தப் பயன் சொல்பவரைக் காண்பது அரிது. விதைக்கிறவன், களைகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் சீடர்களிடம் தனியாக விளக்கம் சொல்கிறார். வேறு சிலவற்றின் முடிவில் ஒரு வரி வரும். மற்றவை கேட்டவனிடமே விடப்படுகின்றன. ஆன்மிகப் போதனையை ஏன் இப்படிக் கதையாகச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்? 'இப்படிச் செய், இப்படிச் செய்யாதே' என்று நேராகச் சொன்னால் என்ன? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில், எங்களுக்குப் படிப்பித்த ஒரு சேரின் வகுப்பில் தொடங்கியது.

அவர் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதையை வாசித்தார் (மத்தேயு 20). விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் ஒரு பணம், பொழுதுபட ஒரு மணித்தியாலம் இருக்கையில் வந்தவனுக்கும் ஒரு பணம். வகுப்பில் பாதிப் பேர் தோட்டக்காரரின் பிள்ளைகள். வெங்காயம் கிண்டவும் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கவும் ஆள் பிடிக்கும் கஷ்டம் தெரிந்தவர்கள். "சேர், இப்பிடிச் சம்பளம் குடுத்தா நாளைக்கு ஒருத்தரும் காலமை வரமாட்டினம்!" என்று ஒருவன் எழும்பிச் சொன்னான். எல்லோரும் அவன் பக்கம். சேர் மறுக்கவில்லை. "சரி, பின்னேரம் ஐஞ்சு மணி மட்டும் சந்தியில நிண்டவன் ஏன் நிண்டவன்?" என்று கேட்டார். புத்தகத்தைப் பார்த்தோம். 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்று இருந்தது. "அவன்ர பிள்ளையளுக்கு ஒரு மணித்தியாலப் பசி மட்டுமோ இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கதையில் வரும் பணம் தெனாரியம் என்ற உரோம வெள்ளிக் காசு. அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அதில் குறைத்தால் அன்று ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இதை நான் பிறகு படித்து அறிந்தேன். ஆனால் நியாயம் என்று நான் பிடித்து வைத்திருந்தது அசைந்தது அந்த வகுப்பில்தான். கூலியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருந்தால் நாங்கள் தலையாட்டிவிட்டு மறந்திருப்போம். கதை எங்களை முதலில் தீர்ப்புச் சொல்லவைத்தது. தீர்ப்புச் சொன்ன பிறகுதான் யாரைப் பற்றிச் சொன்னோம் என்று தெரிய வந்தது.

இந்த முறை இயேசுவுக்கும் முந்தியது. பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவளுடைய கணவன் உரியாவைப் போரில் சாகவிட்ட தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார் (2 சாமுவேல் 12). அரசனைக் குற்றம் சாட்டவில்லை. ஓர் ஏழை, அவன் மடியில் கிடந்து வளர்ந்த ஒரேயொரு ஆட்டுக்குட்டி, அதைப் பிடுங்கி விருந்தாளிக்குச் சமைத்த பணக்காரன் என்று ஒரு கதை சொல்கிறார். தாவீது கோபத்தில் கொதித்து, அவன் சாக வேண்டியவன் என்கிறான். 'நீயே அந்த மனுஷன்' என்கிறார் நாத்தான். அரசனுக்கு மேலே நீதிபதி இல்லாத நாட்டில், அவனையே அவனுக்கு நீதிபதி ஆக்க வேறு என்ன வழி இருந்தது?

நல்ல சமாரியன் கதையும் (லூக்கா 10) இதே வழியில்தான் போகிறது. 'எனக்குப் பிறன் யார்?' என்று கேட்ட ஒரு நியாயசாஸ்திரிக்கு, அதாவது யூத வேதச் சட்டம் கற்றவனுக்கு, இயேசு சொன்ன கதை அது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் இறக்கம், கள்வர் பதுங்கக்கூடிய வனாந்தரம். அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் விலகிப் போனான், கோயில் ஊழியனான லேவியன் விலகிப் போனான், சமாரியன் நின்றான். யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகை சாதாரணமானதல்ல. கெரிசிம் மலையில் இருந்த சமாரியர் கோயிலை யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடித்திருந்தார். கதை முடிந்ததும், அடிபட்டவனுக்குப் பிறனாய் இருந்தவன் யார் என்று இயேசு நியாயசாஸ்திரியிடமே விடை கேட்கிறார். அவனோ 'சமாரியன்' என்று சொல்லவில்லை. 'இரக்கஞ்செய்தவனே' என்று பெயரைத் தவிர்த்துச் சொல்கிறான். அந்த இடத்தில் எங்கள் சேர் புத்தகத்தை மூடிவிட்டு, "எங்கட ஊரில ஆற்ற கையால தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டியள்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிணறுகளில் சாதி பார்த்த ஊர் எங்களுடையது. சாதி பிழை என்று கேட்ட எத்தனையோ பேச்சுகள் செய்யாததை அந்தக் கேள்வி செய்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சொத்தில் தன் பங்கை வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பிய இளையவனுக்குத் தகப்பன் விருந்து வைக்கும் ஊதாரி மகனின் கதையை (லூக்கா 15) அன்று அத்தனை கவனமாகக் கேட்கவில்லை. புலம்பெயர்ந்து வந்த பிறகுதான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. அதுவும் மூத்த மகன் பகுதி. என் அண்ணர் ஊரிலேயே நின்றவர். அப்பு, அம்மா இருவரின் கடைசிக் காலமும் அவர் கையில்தான் கழிந்தது. நான் விடுமுறைக்குப் போனால் அயல் கூடும், விருந்து நடக்கும். நித்தமும் விளக்கேற்றிய அவரை யாரும் பாராட்டியதை நான் காணவில்லை. கதையில் மூத்தவன் வெளியே நின்று, 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்று தம்பியைத் தகப்பனிடம் தள்ளிவிடுகிறான். தகப்பன் 'உன் சகோதரனாகிய இவனோ' என்று திருப்பிக் கொடுக்கிறார். அதோடு கதை நின்றுவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. அண்ணரும் நானும் இதைத் தொலைபேசியில் பலமுறை கதைத்திருக்கிறோம். அவர் சைவர், தினமும் தேவாரம் ஓதுபவர். இந்தக் கதையை முடித்து வைக்காதது சரிதான் என்பது அவர் கட்சி. முடித்திருந்தால் மூத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கட்டளையாகப் போயிருக்கும் என்பார்.

ஒரு வசனம் மட்டும் என்னை நெடுநாள் உறுத்தியது. வெளியே இருப்பவர்கள் கண்டும் காணாதவர்களாய், கேட்டும் உணராதவர்களாய் இருக்கும்படி உவமைகளாகச் சொல்லப்படுகிறது என்று மாற்கு 4இல் வருகிறது. விளங்கக்கூடாது என்றா கதை சொல்வது? இன்று நான் அதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: தாவீது அந்தப் பணக்காரனைத் தண்டித்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கலாம். கதை யாரையும் கட்டி இழுப்பதில்லை. பங்கு கேட்டு வந்த ஊழியரையும் சொந்தக்காரரின் மகனையும் கொன்ற கொடிய தோட்டக்காரர் உவமையைக் கேட்ட பிரதான ஆசாரியர், அது தங்களைப் பற்றியது என்று நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள். விளங்கியும் சொன்னவரைப் பிடிக்கத்தான் வழி தேடினார்கள் (மத்தேயு 21). அந்த அளவு சுதந்திரத்தைக் கேட்பவனுக்கு விட்டுவைக்கிற போதனைமுறையை நான் மதிக்கிறேன்.

அந்தச் சேரிடம் வேறு ஆண்டுகளில் படித்தவர்கள் இலண்டனிலும் சிட்னியிலும் றொறன்ரோவிலும் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் அவர் வேறு வேறு கேள்விகள் கேட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அநீதியுள்ள உக்கிராணக்காரன் கதையை (லூக்கா 16) எங்களுக்கு அவர் எடுக்கவே இல்லை. எஜமானுக்குக் கடன்பட்டவர்களின் கணக்கைக் குறைத்துத் திருத்திய அந்த நிர்வாகியை எஜமான் ஏன் மெச்சினான் என்பது எனக்கு இன்னமும் தீராத கேள்வி. உங்கள் வகுப்பில் அதை எடுத்திருந்தால், அங்கே அவர் என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னீர்கள் என்று அடுத்த மலருக்குத் தயவுசெய்து எழுதுங்கள்.