கோபுரத்தின் காதை அடைத்த பெட்டி

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ஒன்றரை மாதமாக இதே தொல்லை. கைபேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். அழைத்தால் மணி போகாது. எதிர்வீட்டுப் பெரியவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறியபோது, அவர் மகள் 108-ஐ மூன்று முறை அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஏரிக்கரை வரை ஓடிய பிறகுதான் பேச முடிந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. வயர்லெஸ் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள் நான்.

கைபேசிக் கோபுரம் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும். நாம் பேசுவது கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. கைபேசியிலிருந்து கிளம்பும் அலை, கோபுரத்தைச் சேர்வதற்குள் ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்காகக்கூடத் தேய்ந்துவிடும். அந்த முணுமுணுப்பைப் பிடிக்கத்தான் கோபுரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் ஓயாமல் தகரம் தட்டினால் என்ன ஆகும்?

ஆய்வகத்தில் அனுமதி பெற்று, அலைகளைத் திரையில் கோடுகளாகக் காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரையும், அலை வரும் திசையைக் கண்டுபிடிக்க உதவும் யாகி ஆன்டெனாவையும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வந்தேன். 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் அலைவரிசைகளில் ஒன்று. அங்கே அனலைசர் திரையில் கோடுகள் மின்னி மறைய வேண்டும். திரையிலோ கீழே கிடக்க வேண்டிய இரைச்சலின் அடிமட்டமே மேலெழும்பி அசையாமல் நின்றது. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி நடந்தேன். தேடல் ஒரு தையல் கடையின் மாடியில் போய் முடிந்தது.

கடைக்காரர் வேலூர்க்காரர். அடித்தளத்துக் கடையில் சிக்னல் இல்லையென்று சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டியை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். உள் ஆன்டெனாவுக்கும் வெளி ஆன்டெனாவுக்கும் இடையே போதிய தூரமில்லை. திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கிக்கு முன் மைக்கைக் கொண்டுபோனால் கீச்சிடுமே, அதே கதை. ஒன்று கத்துவதை மற்றொன்று வாங்கி மீண்டும் கத்துகிறது, இரவும் பகலும்.

"அண்ணா, பிளக்கைக் கழற்றிவிட்டு இந்தத் திரையைப் பாருங்கள்" என்றேன். கழற்றினார். அடிமட்டம் சட்டென்று கீழே இறங்கியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "பெட்டியில் முத்திரையெல்லாம் இருந்ததேம்மா."

இருந்தது, ஐரோப்பாவுக்கான சி.ஈ. முத்திரை. இங்கே அந்த அலைக்கற்றை, ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு உரியது. இப்படிப் பெருக்கி அனுப்ப நமக்கு உரிமை கிடையாது. உரிமமில்லாமல் இத்தகைய ரேடியோ கருவியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இதையெல்லாம் மறைத்து விற்கிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம்.

மாடி வீட்டு பிராட்பேண்டைக் கடைக்கு இழுத்து, அவர் கைபேசியில் வைஃபை அழைப்பைப் போட்டுக்கொடுத்தேன். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-லிருந்தே உரிமம் தேவையில்லை, வரம்புக்குள் இருந்தால் போதும்.

அடுத்த ஞாயிறு மீண்டும் அளந்தேன். கோடுகள் மின்னி மறைகின்றன. ஆனால் சந்தைப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பினால் இன்னொரு மேடு தெரிகிறது. வரும் வாரம் அங்கே போகிறேன்.