கோக்தெபே

இன்று காலையிலிருந்து மனசு கோக்தெபேயிலேயே கிடக்கிறது. துருக்மேன் மொழியில் நீலக் குன்று என்று பொருள். காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே, கரகும் பாலைவனத்தின் ஓரத்தில் இருந்த மண்கோட்டை.

1879-ல் ரஷ்யப் படை வந்தபோது, தெக்கே என்ற துருக்மேன் இனக்குழுவினர் அடித்து விரட்டினார்கள். அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் ஜார் அரசு ஜெனரல் ஸ்கோபெலெவை அனுப்பியது. அவர் அவசரப்படவில்லை. ஒட்டகங்களில் தளவாடம் வந்தது, கடற்கரையிலிருந்து தண்டவாளமும் போட ஆரம்பித்தார்கள். 1881 ஜனவரியில் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்தை நிரப்பி வெடிக்க வைத்தார்கள். மதில் சரிந்தது.

கோட்டைக்குள் இருந்தது வீரர்கள் மட்டுமில்லை. குடும்பம் குடும்பமாக, கூடாரங்களோடு அடைக்கலம் புகுந்திருந்தார்கள். பாலைவனத்தை நோக்கி ஓடியவர்களைக் குதிரைப்படை பல கிலோமீட்டர் துரத்தி வெட்டியது. ஓடும்போது கொல்லப்பட்டவர்கள் மட்டுமே சுமார் 8,000 பேர் என்பது ரஷ்யத் தரப்புக் கணக்கு. பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு. இந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

மூன்றே வருடத்தில் துருக்மேன்களின் மெர்வ் நகரமும் ரஷ்யர்கள் கைக்குப் போனது. அங்கே பெரிய சண்டை நடக்கவில்லை. கோக்தெபேயில் நடந்ததை அறிந்தவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள்? ஆனால் சோவியத் காலத்துப் புத்தகங்கள் அதைத் 'தன்விருப்ப இணைப்பு' என்று எழுதின. எனக்கு ஆறவே இல்லை, அந்தச் சொல்தான்.

துருக்மெனிஸ்தான் தனிநாடான பிறகு கோக்தெபேயில் பெரிய மசூதி ஒன்று கட்டியிருக்கிறார்கள். நீலக் குவிமாடம்.